முதலில் சேசிஸ், பாடி பிறகு

அசெம்பிளி மேசைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கலர் கலராக எரிகிற விளக்கைப் பற்றி என்னிடம் யாரும் பேசக் கூடாது. ஃபேனில் விளக்கு, ரேமில் விளக்கு, கீபோர்டில் விளக்கு. கோயில் கொடைத் திருவிழாப் பந்தல்கூட தோற்றுப்போகும். பெட்டியைத் திறந்து பார்த்தால் பவர் சப்ளை ஒன்றுக்கும் உதவாத சாமானாக இருக்கும். இதை ஒரு ஆள் தலையில் கட்டிவிட்டு, ‘கேமிங் பிசி கொடுத்திருக்கேன் மேடம்’ என்று என் முன்னால் வந்து நிற்காதீர்கள். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றிருக்கிறேன். வாய்க்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

தென்காசியில் கம்ப்யூட்டர் என்றால் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டைப்பிங் சென்டரில் இருக்கும் பெட்டி என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் நான் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தேன். எத்தனை வருஷம் என்று கேட்காதீர்கள், வயது தெரிந்துவிடும். கடைக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, ‘மெக்கானிக் இல்லையாம்மா?’ என்பார்கள். ‘நான்தான், உட்காருங்க’ என்பேன். சிலர் உட்காருவார்கள், சிலர் போய்விட்டு மறுநாள் வருவார்கள்.

குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டர் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. ‘இப்போ அளவா போதும், பின்னால போட்டுக்கிட இடம் இருக்கணும்.’ இந்த ‘இடம்’தான் ஆளைக் கவிழ்க்கும் வார்த்தை. நம் ஊர்ப்பக்கம் இடம் என்றால் சென்ட் கணக்கில் கண்ணுக்குத் தெரிவது. அதனால் கேபினெட் பெரிதாக இருந்தால் இடம் இருக்கிறது என்று விற்கிறவனும் நினைப்பான், வாங்குகிறவனும் நினைப்பான். சுரண்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவன் தன் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். வேறெங்கோ வாங்கியது. பீரோ மாதிரி கேபினெட், இரண்டு பேர் பிடித்து இறக்கினோம். புது கிராஃபிக்ஸ் கார்டு போட வேண்டுமாம். திறந்து பார்த்தால், கார்டுக்குக் கரண்ட் கொடுக்கும் தெம்பு பவர் சப்ளைக்கு இல்லை. மதர்போர்டிலோ ரேம் செருக மிச்சத் துளை இல்லை. அடுத்த தலைமுறை புராசசரை அது ஏற்கவும் செய்யாது. பெட்டிக்குள்ளே மட்டும் ஒரு பூனை குட்டி போடலாம், அவ்வளவு இடம். ‘இடம் இருக்குன்னாங்களே மேடம்’ என்று அந்தப் பையன் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

இனி நான் சொல்லப்போவது முப்பிடாதியின் கதை. இந்தத் தொழிலில் நான் பார்த்தவற்றிலேயே என்னை வாயடைக்க வைத்தது அதுதான். என்னை வாயடைக்க வைப்பது லேசு இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

குற்றாலத்தில் சீசன் நன்றாக இருந்த நேரம். அருவிக்குப் போகும் கார்கள் எங்கள் தெருவரை அடைத்துக்கொண்டு நின்றன. சாரல் கடைக்குள்ளேயே வந்ததால் மேசையில் கிடந்த போர்டுகளை எல்லாம் கவரில் போட்டு மூடிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடையில் தரம் பிரிக்கும் வேலை என்று பிறகு சொன்னாள். சேலையில் சின்ன வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது.

“கேமிங் கம்ப்யூட்டர் வேணும்க்கா. ஸ்டியரிங் வச்சி லாரி ஓட்டுத கேம் ஓடணும்” என்றாள்.

விற்பனைக்கு நின்ற அருள் உற்சாகமாகிவிட்டான். அவனே பெரிய கேம் பைத்தியம். “யாருக்குக்கா, பையனுக்கா?”

“எங்க வீட்டுக்காரவுகளுக்கு.”

“அண்ணன் பெரிய ஆளா இருப்பாவ போலயே!” என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். இருக்கும் பட்ஜெட்டில் பெரும்பகுதியைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடலாம், மற்றதெல்லாம் சுமாராக இருந்தால் போதும், படம் சும்மா கண்ணாடி மாதிரி ஓடும் என்றான்.

“ஸ்டியரிங்கு?”

“அத பின்னால வாங்கிக்கிடலாம்க்கா. இப்போ கீபோர்டுலயே ஓட்டலாம்.”

“ஸ்டியரிங் இல்லன்னா வேண்டாம்” என்று அவள் எழுந்துவிட்டாள்.

நான்தான் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அலமாரியிலிருந்து ஸ்டியரிங் செட் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவளே அட்டையைப் பிரித்தாள். வளையத்தை வெளியே எடுத்து இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அடியில் கிடந்த பெடலைத் தூக்கினாள். ஆக்சிலேட்டர், பிரேக் இரண்டும் சேர்ந்த கட்டை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பெட்டிக்குள் திரும்ப வைத்து எங்கள் பக்கம் தள்ளினாள்.

“இது இங்கனயே கெடக்கட்டும்க்கா.”

“அக்கா, அது இல்லாம எப்படி ஓட்டுவாவ? ஆக்சிலேட்டர் மிதிக்கணும்லா?” என்றான் அருள்.

“அவுகளுக்குக் கால் வராது தம்பி.”

அருளுக்கு முகம் சுண்டிவிட்டது. நான் அவளுக்கு டீ வாங்கிவரச் சொல்லி அவனை அனுப்பினேன். அவள் சொன்னாள். புருஷன் பெயர் கருப்பசாமி. பாவூர்சத்திரத்திலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி, கேரளாவுக்குக் காய்கறி கொண்டுபோகிற டெம்போ டிரைவர். வண்டி ஓட்டி ஒரு கீறல் விட்டதில்லை. லோடு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்தார், முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கை இரண்டும் நன்றாக இருக்கின்றன.

“சாப்பிடச் சொன்னா சாப்பிடுதாவ. மத்தபடி சுவரப் பாத்தே படுத்திருக்காவ. பேச்சே கெடையாதுக்கா. என்ன ஏட்டின்னு கூப்பிடுத ஒரு சத்தம் கெடையாது. என் தம்பி போனுல லாரி ஓட்டுத கேம் ஒண்ணு போட்டான். அந்த ஹாரன் சத்தத்துக்குத் தலையத் திருப்பிப் பாத்தாவ. அம்புட்டுதான். மறுபடி திரும்பிக்கிட்டாவ. ஆனா பாத்தாவ.” அருள் வாங்கிவந்த டீயை அவள் குடிக்கவே இல்லை. “ஒருக்கா பிடிக்கலன்னா போச்சு. ரெண்டாந்தடவ திரும்ப மாட்டாவ. எனக்கு அவுகளத் தெரியும்.”

பிள்ளைகளே, இங்கேதான் சிக்கல், கவனமாகக் கேளுங்கள். ஸ்டியரிங் வாங்கினால் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் காசு பற்றாது. கார்டு இல்லாவிட்டால், புராசசருக்குள்ளேயே இருக்கிற கிராஃபிக்ஸை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஓடும், ஆனால் படம் சுமாராக இருக்கும். அதற்குப் பதிலாக பவர் சப்ளையையும் மதர்போர்டையும் மட்டமாகப் போட்டுக் கார்டு ஒன்றைத் திணிக்கலாம். முதல் நாள் கண்ணைப் பறிக்கும், அதற்குமேல் எதையும் சேர்க்க முடியாது. சேர்க்கப் போனால் எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டும். அவளால் இன்னொரு தடவை முதலிலிருந்து வாங்க முடியாது. ஆனால் அந்த மனுஷன் திரும்பிப் பார்ப்பதும் ஒரே ஒரு தடவைதான். பின்னால் வருவதற்கு இடம் விடுவதா, இன்றைக்கு இருப்பதையெல்லாம் போட்டுவிடுவதா? வேறு யாராக இருந்தாலும் நானே பட்டென்று பதில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அப்படிச் செய்யவில்லை. மறைக்காமல் அவளிடமே இரண்டையும் சொன்னேன்.

அவள் குனிந்து யோசித்தாள். “நம்ம லாரிக்காரவுக செய்யுத மாதிரிதானக்கா?” என்றாள். “புது வண்டி வாங்கும்போது சேசிஸ மட்டும் எடுப்பாவ. இன்ஜினும் சக்கரமும் அடிச்சட்டமும்தான் இருக்கும். டிரைவர் வெயில்ல துண்டக் கட்டிக்கிட்டு ஓட்டிக்கிட்டு வருவாவ. பாடிய பொறவு கையில காசு வரும்போது கட்டிக்கிடுவாவ. பாடி நல்லாருந்து சேசிஸ் மோசமாப் போனா லோடு ஏத்த முடியுமா?”

“முடியாது.”

“அப்போ சேசிஸ நல்லதாப் போடுங்க. பாடி பொறவு கட்டிக்கிடலாம்.”

“அன்னைக்கு அவருக்குப் பிடிக்கலைன்னா?”

“அது என் பாடு” என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அவள் கை ஸ்டியரிங் வளையத்தை விடவில்லை.

நல்ல பவர் சப்ளை, நாளைக்கு வருகிற புராசசரையும் ஏற்கும் போர்டு, உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள புராசசர். ரேமை மட்டும் ஒன்றாகப் போடாமல் இரண்டாகப் பிரித்துப் போட்டேன். கார்டு இல்லாத வண்டிக்கு அதுதான் இழுவை கொடுக்கும். அப்படியும் இன்னும் இரண்டு துளை மிச்சம். கேபினெட் சாதாரணம், விளக்கு கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலுக்கு எட்டுகிற மாதிரி இரண்டு பட்டை இருக்கும். வலது விரலால் இழுத்தால் ஆக்சிலேட்டர், இடது விரலால் இழுத்தால் பிரேக் என்று அருள் மாற்றி அமைத்தான். நான் சொல்லவில்லை, அவனே உட்கார்ந்து செய்தான். கடைத் திரையில் போட்டுப் பார்த்தோம். அருள் ஓட்டினான். புறப்பட்டதும் ஒரு காரை இடித்தான், வளைவில் தடுப்புச் சுவரை இடித்தான், கடைசியில் லாரியையே குப்புறப் போட்டான்.

“இப்படி ஓட்டுனா எங்கூர்ல வண்டியத் தர மாட்டாவ தம்பி” என்றாள் முப்பிடாதி. அன்றைக்குத்தான் முதன்முதலாக அவள் சிரித்தாள்.

அடுத்த நாள் காலையில் நானும் அருளும் அவள் வீட்டுக்குப் போனோம். பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம். கருப்பசாமியை அவள் தம்பி தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தான். அகலமான தோள், மழிக்காத தாடி. நாங்கள் போனதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. முப்பிடாதி கேபினெட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். “ஏய், காத்து போற ஓட்டையில அப்பாத, ஃபேன் இழுத்துக்கிடும்!” என்று கத்தினேன். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டுமே, இதற்கு எங்கே வைப்பது என்று கையில் பழத்தோடு விழித்தாள். ஸ்டியரிங் பக்கத்தில் வை என்றேன்.

மானிட்டர் செலவை மிச்சம் பிடிக்க வீட்டு டிவியில்தான் மாட்டுவதாக ஏற்பாடு. போய்ப் பார்த்தால் பழைய டிவி இல்லை. அக்காள் புருஷனுக்குப் பெரிதாகத் தெரியட்டும் என்று தம்பி பாசத்தில் தன் வீட்டிலிருந்த பெரிய புது டிவியைக் கொண்டுவந்து மாட்டியிருந்தான். அவ்வளவு பெரிய திரையை முழு நுணுக்கத்தோடு நிரப்ப நம் வண்டிக்குச் சக்தி ஏது? கேம் திறந்தது. இடப்பக்கம் ஓட்டுகிற வெளிநாட்டு மலைப்பாதை ஒன்றைப் போட்டு வைத்திருந்தோம். கருப்பசாமி ஸ்டியரிங்கைப் பிடித்தார். அருள் காட்டிக்கொடுத்தபடி வலது விரலால் பட்டையை இழுத்தார். லாரி விக்கி விக்கி நகர்ந்தது. கையைத் திருப்பினால் ஒரு கணம் கழித்துத் திரும்பியது. அவர் இரண்டு தடவை பார்த்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முகம் சுவர்ப் பக்கம் போனது.

முப்பிடாதி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எதற்குச் சொல்ல.

அருள் என் காதருகே வந்தான். “மேடம், பையில கடையோட டெமோ கிராஃபிக்ஸ் கார்டு இருக்கு. எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன். அத இப்போ போட்டுருவோம். அண்ணன் நல்லாப் பாத்துக்கிடட்டும். ஒரு வாரம் கழிச்சுக் கழட்டிக்கிடலாம்.”

அவன் மனசு தங்கம். அதை நான் என்றைக்கும் சொல்லுவேன். என் கையும் அந்தப் பைப் பக்கம் நீண்டுவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். காட்டியது எதுவோ அது அந்த வீட்டில் தங்க வேண்டும், திரும்பி எடுத்துக்கொண்டு வரும் சாமானை வைத்து ஆசை காட்டாதே. ஒரு வாரம் கண்ணாடி மாதிரி ஓட்டிவிட்டு, கார்டைக் கழற்ற நாங்கள் போய் நிற்கிறோம் என்று வையுங்கள். ஏற்கெனவே காலைப் பறிகொடுத்த மனுஷனிடமிருந்து இன்னொன்றையும் பிடுங்கிக்கொண்டு வருவதா?

“ஏலே, பையை மூடு” என்றேன்.

கீபோர்டை வாங்கி, படத்தின் அளவைக் குறைத்தேன். நிழலை எடுத்தேன். தூரத்து மரங்களை எடுத்தேன். புல், கண்ணாடிப் பளபளப்பு, மேகம் எல்லாவற்றையும் எடுத்தேன். வண்டி விக்காமல் ஓட ஆரம்பித்தது. ஆனால் திரையில் என்ன மிச்சம்? சாம்பல் நிறத்தில் ஒரு சாலை. ஓரத்தில் மங்கலாகத் தடுப்புச் சுவர். அதற்கு அப்பால் எதுவும் தெளிவாக இல்லை. என் வாழ்நாளில் இவ்வளவு அசிங்கமான படத்தை ஒரு வாடிக்கையாளருக்குக் காட்டியதில்லை.

“தம்பி” என்றேன், கருப்பசாமியின் முகத்தைப் பார்க்காமல். “இப்போதைக்கு இவ்வளவுதான் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாச் சரி பண்ணித் தாறேன்.”

அவர் திரும்பினார். திரையையே உற்றுப் பார்த்தார். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் ஓய்ந்தது எனக்கு நினைவிருக்கிறது.

“சாரல்ல மலையேறயில இம்புட்டுகூடத் தெரியாதுக்கா” என்றார்.

குரல் கரகரப்பாக இருந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வண்டியை எடுத்தார்.

நான் எத்தனையோ கேம் பார்த்திருக்கிறேன். ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பந்தயம் போவார்கள், இடிப்பார்கள், கத்துவார்கள். இந்த மனுஷன் ஓட்டியது மாதிரி நான் பார்த்ததே இல்லை. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடித்தார். எதிரே ஆள் இல்லாத வளைவு, அப்போதும் அடித்தார். லோடு இருக்கிற வண்டி எப்படித் திரும்புமோ அப்படி, முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, அகலமாக எடுத்து, சுவரை ஒட்டாமல் வளைத்தார். நடுநடுவே கண் வலப்பக்கக் கண்ணாடிக்குப் போய்ப் போய் வந்தது. இறக்கத்தில் எதிரே ஒரு லாரி ஏறி வந்தது. கம்ப்யூட்டர் தானாக ஓட்டுகிற லாரி, உள்ளே ஒருவரும் கிடையாது. இவர் இடது ஓரமாக ஒதுங்கி நிறுத்தினார்.

“ஏன்ணே நிறுத்திட்டீங்க?” என்றான் அருள்.

“ஏறுத வண்டிக்கு வழி விடணும்லா” என்றார். அந்த லாரி தாண்டிப் போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து நாலு விரலைத் தூக்கி அதற்கு வணக்கமும் சொன்னார்.

இந்த மனுஷனுக்குள்ளே ஒரு மலைப்பாதை முழுசாக இருந்திருக்கிறது. ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு பள்ளமும், எதிரே வருகிற ஒவ்வொரு டிரைவருக்கும் உள்ள மரியாதையும். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாளெல்லாம் அது உள்ளே அப்படியே இருந்திருக்கிறது. நாங்கள் கொடுத்தது சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. மற்ற எல்லாவற்றையும் அவர்தான் போட்டுக்கொண்டார்.

பிறகு அந்த வீட்டுக்குக் கிராஃபிக்ஸ் கார்டு வந்தது, ரேம் வந்தது, விட்டு வைத்த இடம் ஒவ்வொன்றும் நிரம்பியது. பவர் சப்ளையை ஒருநாளும் மாற்றவில்லை. அதையெல்லாம் நீங்கள் சர்வீஸுக்குப் போனால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் பட்ஜெட் சொல்லி, இடம் வேண்டும் என்றால், எதற்கு இடம், யாருக்கு இடம் என்று நாலு கேள்வி கேளுங்கள். சேசிஸில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். முதல் நாள் படம் மங்கலாக இருக்குமே என்று பயந்து ஏமாற்று வேலை எதுவும் செய்யாதீர்கள். எனக்குத் தெரிந்த தொழில் இவ்வளவுதான்.

அன்றைக்கு மிச்சம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கருப்பசாமி மலையின் அடிவாரத்தில், சாலையோரமாக வண்டியை ஒதுக்கி நிறுத்தினார். முப்பிடாதி எங்களுக்காக டீ எடுத்து வந்து, உள்ளே வரத் தோன்றாமல் தட்டோடு வாசல் நிலையிலேயே நின்றிருந்தாள். அவர் கழுத்தை மட்டும் திருப்பினார்.

“ஏட்டி, என்ன நிக்க? ஏறு.”

அவள் தட்டை அருள் கையில் கொடுத்தாள். அவன் அதை வாங்கியதுகூடத் தெரியாமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான், டீ சிந்தியது. பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை இழுத்து அவருக்கு வலது பக்கம் போட்டாள். உடனே தூக்கி இடது பக்கம் கொண்டுபோய்ப் போட்டு, திரையைப் பார்க்க உட்கார்ந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“கதவ நல்லாச் சாத்துனியா?” என்றார், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

அவள் இடது கையை நீட்டி, அங்கே இல்லாத ஒரு கைப்பிடியைப் பிடித்து, தன் பக்கமாக ஓங்கி இழுத்தாள்.

“சாத்திட்டேன். எடுங்க.”